பத்தொன்பது மனுக்களும் செயலாளர் லக்ஷ்மிநாராயணனும்

1981 நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்து மணி பத்து நிமிடம். இந்த வாசகசாலையில் இப்போது நாற்பத்து மூன்று பேர் இருக்கிறோம். முப்பது நாற்காலி, மீதிப் பேர் நிற்கிறார்கள். எண்ணிவிட்டுத்தான் மேடை ஏறினேன்.

தலைவர் சிவசங்கரன் அவர்களுக்கும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நீலாம்பாள் அக்காவுக்கும், பஜார் ரோட்டுக் கடைகளைச் சாத்திவிட்டு வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் நல்லசிவம். எலக்ட்ரிகல் டிப்ளமா. போட் ரிப்பேர் பட்டறையில் தினக்கூலி. நமது ஆங்கிலச் சொல்வள வட்டத்தில் ஐந்து வருஷமாக உறுப்பினர். வட்டத்தை 1976-இல் தொடங்கி, கடைசிவரை அதன் செயலாளராக இருந்து, பன்னிரண்டு நாளைக்கு முன் மஞ்சள்காமாலையில் காலமான லக்ஷ்மிநாராயணன் அவர்களைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் முடியாது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். நல்லது நிறைய இருக்கிறது, பொய் சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

இந்த மட்டாஞ்சேரியில் பிழைக்கவந்த நமக்கு மலையாளம் தெருவிலேயே வந்துவிட்டது. ஆங்கிலம் எங்கிருந்து வரும்? யார் கொடுப்பார்கள்? செயலாளர் லக்ஷ்மிநாராயணன் கொடுத்தார். வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் கம்பெனியில் தபால் குமாஸ்தா அவர். ஆபீசில் படித்துப் போட்ட ஆங்கிலப் பேப்பரை மூன்று நாள் கழித்து மடித்து எடுத்துவருவார். ஞாயிறு தவறாமல் வருவார். மழையில் போட் நின்றுபோன நாளிலும் வந்தார். இரண்டாயிரத்து நூற்று நாற்பது சொற்களை, ஒன்றுக்கு ஒரு அட்டையாக, தன் கையால் எழுதினார். அந்தக் கையெழுத்தைப் பார்த்தவர்கள் மறப்பார்களா?

1979-இல் மிளகுக் கிடங்கில் கப்பியில் மாட்டி நம் சங்கிலிப்பாண்டிக்கு இரண்டு விரல் போயிற்று. மறுநாளே முதலாளி ஆள் ஒரு காகிதம் கொண்டுவந்தான். கையெழுத்துப் போடு, ஆஸ்பத்திரிச் செலவு வந்துசேரும் என்றான். பாண்டி பேனாவை எடுத்துவிட்டான். லக்ஷ்மிநாராயணன் குறுக்கே கை வைத்தார். "நாலாவது வரி வாசி. போன மாசம் படிச்ச வார்த்தை ஒண்ணு இருக்கு பார்" என்றார். பாண்டி எழுத்துக்கூட்டி வாசித்தான். நெக்லிஜென்ஸ். தன் கவனக்குறைவால் தானே தேடிக்கொண்ட விபத்து என்று எழுதியிருந்தது. பாண்டி பேனாவை மூடினான். அன்றைக்கு அந்த ஒரு சொல் தெரியாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இதைச் செய்தவர் அவர். நான் மறுக்கமாட்டேன்.

இனி மற்றது.

வட்டத்தின் விதி உங்களுக்குத் தெரியும். கூட்டத்தில் பெரிய சொல் இருக்கிற இடத்தில் ஒருவன் சின்னச் சொல்லைச் சொன்னால் எழுந்து நிற்கவேண்டும். அடுத்தவன் தப்புச் செய்தால்தான் உட்காரலாம். 'பிக்' என்று சொன்னதற்காக நான் ஒரு ஞாயிறு ஒன்றரை மணி நேரம் நின்றேன். எனார்மஸ் என்று சொல்லியிருக்கவேண்டும். நின்று நின்று நமக்குச் சின்னச் சொல்லைக் கண்டாலே பயம் வந்துவிட்டது. பாண்டி மிளகு சாக்கு நனைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, இந்த ஈரம் டிலிட்டீரியஸ் என்று குஜராத்தி சேட்டிடம் சொன்னான். கேடு விளைவிக்கும் என்று அர்த்தம். சேட் கேட்டார்: "எடா, மனசிலாவுற பாஷையில பற. சாக்கு நனைஞ்சோ இல்லியோ?" நாம் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தோம். சேட்டைப் பார்த்துச் சிரித்தோம். நம்மைப் பார்த்துச் சிரித்திருக்கவேண்டும்.

வேலைக்கு மனு எழுதும்போதும் இதே பயம்தான். லக்ஷ்மிநாராயணன் வேலைபார்த்த கம்பெனிக்கே, அதன் பட்டறை வேலைகளுக்கு, 1978 மார்ச்சிலிருந்து இந்த ஜூலைவரை நாம் பதினொரு பேர் பத்தொன்பது மனுக்கள் போட்டோம். எதற்கும் பதில் இல்லை. "இன்னும் சொல்வளம் போறாது, கூட்டுவோம்" என்பார் செயலாளர். நாமும் கூட்டினோம்.

போன வெள்ளிக்கிழமை நீலாம்பாள் அக்கா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு, தன் புருஷன் வைத்திருந்த ஒரு காகிதக் கட்டைக் கொடுத்தார். "பீரோ மேல இருந்தது. ஆபீஸ் காயிதம், தொடாதேன்னு சொல்லிண்டே இருப்பார். நான் வாசிச்சுட்டேன். நீங்களும் வாசிங்கோ, அப்பறம் கூட்டத்துல சொல்லுங்கோ" என்றார். "கூட்டத்திலயா அக்கா?" என்று கேட்டேன். "பின்னே, என்கிட்ட மட்டும் சொல்லி என்ன ப்ரயோஜனம்? மனு போட்டது நானா?" என்றார்.

தலைவர் மணி அடிக்கிறார். கேட்கிறது சார். உட்காரமாட்டேன்.

கட்டுக்குள் இருந்தவை நம் பத்தொன்பது மனுக்கள். என்னுடையது மூன்று, பாண்டியுடையது இரண்டு. ஒவ்வொன்றிலும் வந்து சேர்ந்த தேதி முத்திரை, பக்கத்தில் எல்.என். என்று செயலாளரின் சுருக்கொப்பம். ஒவ்வொன்றின் தலையிலும் மேனேஜரின் சிவப்புப் பென்சிலில் ஒரே குறிப்பு: டீ நேரத்துக்கு.

எனக்குப் புரியவில்லை. அன்றே போட் பிடித்துத் தீவுக்குப் போய் அந்த ஆபீஸ் பியூன் அப்பு சேட்டனைப் பார்த்தேன். அவர் முதலில் சொல்ல மறுத்தார். பிறகு சொன்னார்.

"சாயா நேரத்துல மேனேஜர் வாயிக்கச் சொல்லும். எல்லாரும் கூடி நின்னு சிரிக்கும். விரோதமொண்ணும் இல்லை மோனே, ஒரு தமாசு."

"எங்க செக்ரட்டரியும் சிரிப்பாரா?"

"அவரு சிரிச்சிட்டே இல்லை. அவருதானே வாயிச்சது. வேற ஆர்க்கும் அந்த வாக்கு வாயில வராது."

நண்பர்களே, பத்தொன்பது முறை. நம் மனுவை நம் செயலாளர் அங்கே எழுந்து நின்று, உச்சரிப்புப் பிசகாமல் வாசித்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து, இன்னும் பெரிய சொல் கற்றுக்கொள்ளச் சொன்னார். ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாமே? 'தம்பி, சுருக்கமாக எழுது.' இதற்கு எந்த அட்டை வேண்டும்?

அவருக்கே தெரியாமல் நடந்தது என்று யாராவது நினைத்தால், கட்டின் அடியில் இருந்ததைக் கேளுங்கள். 1972-இல் அதே கம்பெனிக்கு அவர் போட்ட சொந்த மனுவின் நகல். நான்கே வரி. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். டைப்பிங் லோயர் பாஸ். மட்டாஞ்சேரியில் வீடு. திங்கட்கிழமை முதல் வரமுடியும். ஒன்பது நாளில் வேலை உத்தரவு வந்திருக்கிறது.

என் மனு எப்படித் தொடங்குகிறது தெரியுமா? 'இனெஃபபிள் ட்ரெபிடேஷன்' என்று. வார்த்தையில் அடங்காத நடுக்கத்தோடு எழுதுகிறேனாம். நடுங்குகிறவனை எவன் கிரேன் மேல் ஏற்றி ஒயர் மாற்றச் சொல்வான்?

அவர் இறப்பதற்கு ஐந்து நாள் முன்பு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே கம்பெனியில் இப்போது கிரேன் பராமரிப்புக்கு ஆறு இடம் காலி என்று சொன்னேன். வருகிற வியாழக்கிழமை, 12-ஆம் தேதி, கடைசி நாள். "எழுதிட்டயா?" என்றார். எழுதினதை, அதே பெரிய சொற்களோடு, நின்றுகொண்டே ஒப்பித்தேன். கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார். "பேஷ்" என்றார்.

சாகக் கிடக்கிற மனிதர். அப்போதும் பேஷ்.

ஏன் செய்தார்? எனக்குத் தெரியாது. பாண்டி ஒரு காரணம் சொல்கிறான். "சின்னதா எழுதினாப் போதும்னு சொல்லிட்டா, ஞாயித்துக்கிழமை எவன் வருவான்? அங்க அவரு தபால் குமாஸ்தா. இங்க தானல அவரு செக்ரட்டரி." இருக்கலாம். அப்படியானால் அவருடைய ஒரு நாற்காலிக்காக நாம் பதினொரு பேர் மூன்று வருஷம் நின்றிருக்கிறோம். அந்த மனுக்களைக் கிழிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தாரே, உள்ளுக்குள் உறுத்தியிருக்கும் என்கிறார் தலைவர். உறுத்தியிருந்தால் பீரோ மேல் வைப்பானேன் சார்? நம் கையில் கொடுத்திருக்கலாமே.

வட்டத்தைக் கலைத்துவிடலாம் என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. கலைக்கக்கூடாது. பாண்டியிடம் நீட்டின காகிதத்தை மறக்காதீர்கள். பெரிய சொல் எல்லாம் மற்றவன் எழுதினதை நாம் வாசிப்பதற்கு வேண்டும். நாம் எழுதும்போது, கேட்கிறவனுக்கு விளங்கவேண்டும். இந்த வித்தியாசம் லக்ஷ்மிநாராயணனுக்குத் தெரியும். பாதியைக் கொடுத்தார், பாதியை வைத்துக்கொண்டார். கொடுத்த பாதியை நாம் விடப்போவதில்லை.

செயலாளர் லக்ஷ்மிநாராயணன் அவர்களின் ஆன்மா சாந்தியடையட்டும் என்று மற்றவர்கள் சொல்வார்கள். நான் செய்யப்போவதைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

1. நாளை மாலை ஆறரைக்கு இதே அறை. இந்த ஆறு இடத்துக்கு மனு போடும் ஏழு பேரும் எழுதிவைத்ததைக் கொண்டுவரவேண்டும். திருத்தமாட்டோம். புதிதாக எழுதுவோம். என்ன படித்தோம், எந்த மோட்டாரைப் பிரித்து மாட்டத் தெரியும், எப்போது வரமுடியும். அவ்வளவுதான்.

2. செவ்வாய்க்கிழமை காலை முதல் போட்டில் போய் ஏழையும் நானே கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குவேன்.

3. பழைய பத்தொன்பதையும் எழுதினவர்களிடமே திருப்பிக் கொடுப்பேன். கூட்டம் முடிந்ததும் வாசலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

4. அடுத்த ஞாயிறு முதல் இங்கே யாரும் தண்டனையாக நிற்கமாட்டார்கள். கம்பெனி நோட்டீஸ், ஆஸ்பத்திரிச் சீட்டு, யூனியன் ஒப்பந்தம், எது வந்தாலும் வரிவரியாக வாசிப்போம்.

5. அவருடைய இடத்தில் தனக்கு வேலை கேட்டு நீலாம்பாள் அக்கா கம்பெனிக்கு மனு கொடுக்கவேண்டும். எழுதித் தருகிறேன் என்றேன். "வேண்டாம், நானே எழுதியாச்சு" என்றார். கூடப் போய் வாசலில் நிற்பேன்.

6. லக்ஷ்மிநாராயணனை மன்னித்துவிடு என்று இங்கே வரும்போதே மூன்று பேர் சொன்னார்கள். ஏழு மனுவுக்கும் பதில் வந்த பிறகு அந்தப் பேச்சை எடுத்துக்கொள்கிறேன்.