தோள்ல ஒரு கை

...இல்லம்மா, இந்தக் கடையில வேற எந்த சாஃப்ட்வேரை வேணா காட்டு, அதை மட்டும் காட்டாத. ‘புதுசா கத்துக்கிறவங்களுக்கு’ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு பாரு, அதேதான். அதை நம்பித்தான் இந்தக் கதிக்கு ஆளானேன். போட்டோவுல வேண்டாததைத் தொட்டா மறைஞ்சிடும்னான். மறைஞ்சுதுதான், இல்லேன்னு சொல்லல. ஆனா முக்கால்வாசிதான் மறைஞ்சுது... கை அப்படியே நிக்குதும்மா.

இரு, போன்லயே காட்டுறேன். கண்ணாடி எங்க வச்சேன்... ஆங், தலைமேலயே இருக்கு. பாரு. நடுவுல நாற்காலியில உக்காந்திருக்காங்களே, அது எங்க மாமியார். பின்னால வாயைத் தொறந்துகிட்டு நிக்கிறது எங்க வீட்டுக்காரர். பக்கத்துல அவரு தம்பி. இந்த ஓரத்துல நான். என் தோளைப் பாரு. நாலு விரலு, ஒரு மோதிரம், பாதி வளையல். ஆளு? ஆளு இல்ல. ஆளு நின்ன இடத்துல திரைச்சீலை தொங்குது. அந்த சாஃப்ட்வேரே தைச்சு மாட்டியிருக்கு. நிஜத்துல எங்க வீட்டுல அவ்வளவு சுருக்கமில்லாத திரை கிடையாது.

சிரிக்காத. ஞாயித்துக்கிழமை மாமியார் மக வீட்டுலேருந்து வர்றாங்க. வர்றப்ப இந்தப் படம் கூடத்துல மாட்டியிருக்கணும்னு உத்தரவு. மொத்தக் குடும்பமும் ஒண்ணா நின்ன ஒரே படம், பெருசா போட்டு வைன்னு போன்ல மூணு தடவை சொல்லிட்டாங்க. இந்தக் கையைப் பார்த்துப் பேய்னு நினைச்சாக்கூடப் பரவால்ல. யாரு கைன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?

யாரு கையா... என் ஓரகத்தி கை. கொழுந்தன் பொண்டாட்டி, மாடியில இருக்கா. அதை விடு, நமக்கு சாஃப்ட்வேர்தானே பேச்சு.

அப்புறம் ‘தொழில்முறை ஆளுங்களுக்கு’ன்னு இருக்கே, வீம்புக்கு அதையும் போட்டேன். தொறந்தா, விமானம் ஓட்டுறவன் முன்னால இருக்குமே, அத்தனை பொத்தான். அடுக்குன்றான், அடுக்குக்கு மேல அடுக்குன்றான். சமையக்கட்டுல கூட நான் அத்தனை அடுக்கி வச்சதில்ல. விரலை எடுக்கப் போனேன், என் தோளு போச்சு. தோளைக் கொண்டாரப் போனேன், மாமியாருக்கு ஒரு காது போச்சு. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான். ஏதோ நல்ல நேரம், ரெண்டும் திரும்ப வந்துச்சு.

அதான் கேக்குறேன், ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இல்லையா? நான் என்ன ஸ்டூடியோவா வைக்கப் போறேன்? ஒரு கையை எடுக்கணும். ஒரே ஒரு கை.

என்ன கேக்குற? பழைய படமா? அது ஏது... அதே பேர்லயே சேமிச்சுட்டேனே. ‘பழசை அழிச்சிடட்டுமா’ன்னு அது பாவம் மரியாதையாத்தான் கேட்டுச்சு. ஆமான்னு அழுத்தினேன், ரெண்டு தடவை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

ஆத்திரம் ஏன்னா... இஸ்திரிப் பெட்டி. ஆமா, இஸ்திரிப் பெட்டிதான். என் ஓரகத்தி என்னுதை வாங்கிட்டுப் போனா, அடியெல்லாம் கரியோட கொண்டாந்து வச்சா. கேட்டேன். நான் வாங்குறப்பவே அப்படித்தான் இருந்துச்சுக்கான்னா. பொய் சொல்றியான்னேன். அவ ஒண்ணு சொன்னா, நான் ஒன்பது சொன்னேன். அன்னிக்கு சாயங்காலமே உக்காந்து படத்துல அவளை அழிச்சேன். நாப்பது நாளாச்சு. அவ செருப்பு சத்தம் கேட்டா நான் கதவைச் சாத்துறேன், என் சத்தம் கேட்டா அவ சாத்துறா. எங்க வீட்டுல இப்ப கதவுங்கதான் பேசிக்குது.

இதுல பாரு... போன வாரம் பீரோவை ஒழிக்கிறேன், அடியில எங்க வீட்டுக்காரர் பேன்ட் ஒண்ணு சுருட்டிக் கிடக்கு. முட்டியில பெட்டி அளவுக்குக் கருகல். யாரு சுருட்டி வச்சதுன்ற? நான்தாம்மா. அவ பெட்டியை வாங்கிட்டுப் போறதுக்கு முந்தின நாள் நானே கருக்கி, அவரு கண்ணுல படாம நானே ஒளிச்சு, நானே மறந்திருக்கேன்.

வெக்கமா இருக்கும்மா. மாடி ஏறிச் சொல்லிடலாம்னா கால் வரல. இந்தக் கையிருக்கே, படம் எடுத்த அன்னிக்கு எனக்குப் பல்லு புடுங்கிக் கன்னம் வீங்கி, படமே வேணாம்னு ஒதுங்கி நின்னேன். "அழகாத்தான் இருக்கீங்க, வாங்கக்கா"ன்னு தோளைப் புடிச்சு இழுத்தது இந்தக் கைதான். அவ இல்லாம எனக்கு அந்த வீட்டுல பொழுதே போகல, போதுமா?

வேற யார்கிட்டயாவது ஒரிஜினல் இருக்குமான்னா... இருக்கு. அவகிட்டதான். அவ போனை ஜன்னல்ல சாத்தி வச்சுத்தான் எடுத்தோம். அப்படிப் பாக்காத. சரி, சரி, போன் பண்றேன்... மணி அடிக்குது. எடுக்க மாட்டா பாரு... எடுத்துட்டா.

நான்தான். ஆமா, நான்தான். அந்தப் பெட்டி... அதைக் கருக்கினது நான்தான்டி, நீ இல்ல. அழாத. நீ அழுதா நானும் அழுவேன், கடையில நிக்கிறேன். இந்தா, எல்லாரும் நின்னோமே, அந்தப் படம் வச்சிருக்கியா?... என்னது?... நீயுமா?... அன்னிக்கேவா? உன் கைக்குக் கீழ இப்ப என்ன தெரியுது?... என் தோளு மட்டுமா?

ஏம்மா... சிரிப்பை அடக்க முடியலம்மா, கொஞ்சம் தண்ணி குடு. என் படத்துல அவ இல்ல, அவ படத்துல நான் இல்ல. ரெண்டையும் சேத்து ஒட்டுறதுக்கு எந்த சாஃப்ட்வேர் வேணும்? முதல்ல காட்டினதே போதுமா? புதுசா கத்துக்கிறவங்களுக்குள்ளதா? இதை முதல்லயே சொல்லியிருந்தா, நான் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருப்பேன்ல.

ஏய், இன்னும் லைன்லதான் இருக்கியா? கதவைத் தொறந்து வை, வர்றேன்... என்ன, இஸ்திரிப் பெட்டியா? கொண்டாறேன்டி, கொண்டாறேன்.