தட்டில் போட்ட முளைப்பாரி

— வேணாங்க, வீட்டுக்குத் திரும்பிருவோம். நாஞ் சொல்றதக் கேளுங்க.

— என்ன சோதி, பஸ்ஸு வார நேரத்துல? விடிஞ்சா ஆப்பரேசன். இந்தத் திருச்சுழி ஸ்டாண்டுல ஊண்டுகம்பு வச்சு நின்னு அக்குளு எரியுது.

— ஆப்பரேசன் வேணாங்கல. அந்தப் புதுக் கம்பி வேணாம். பழைய மாதிரிக் கம்பியே வைங்கன்னு டாக்டருட்டக் கேப்போம்.

— ஒங்க கம்பெனிக் கம்பிதான? ஒன் வேலைய நீயே நம்பலையா?

— எங்க வேலை என்னன்னு தெரியுமா ஒங்களுக்கு?

— தெரியாம என்ன? நல்லி எலும்புல உறிஞ்சுறமே, அது மாதிரி மனுச எலும்புக்குள்ள இருக்கறத எடுத்து, அந்த ஸ்டெம் செல்லத் தட்டுல வளக்குற. எம் பொண்டாட்டி மதுரையில மொளப்பாரி போடுறான்னு ஊரெல்லாம் சொல்லிருக்கேன்.

— வெளையாடாதீங்க. கம்பித் துண்டு மேல அந்த செல்ல விடுவோம். அது ஒட்டிப் பெருகி எலும்பா இறுகணும். அப்பத்தான் ஒடம்புல வைக்கலாம். இந்தக் கம்பியில ஒட்டல. சுருண்டு செத்துப்போச்சு.

— ஒங்க சாரு கம்பி நல்லாருக்குன்னுல்ல டாக்டருட்டச் சொல்லிருக்காரு?

— கம்பி மேல குத்தமில்ல, இந்த ஆளு செல்லுதான் சவலைன்னுட்டாரு. அந்தத் தட்ட ஒதுக்கிட்டு வேற ஆளு செல்லப் போடச் சொன்னாரு.

— அது?

— அது வந்துச்சு. நல்லாத்தான் வந்துச்சு.

— அப்ப விடு. எந் தங்கச்சி அனுசியா மொளப்பாரி அழுகுனப்ப என்ன செஞ்சோம்? பக்கத்து வீட்டுச் சட்டியிலருந்து பாதியப் பேத்து வச்சோம். அவளும் தலையில தூக்கிட்டு ஜம்முன்னு போனா. எவ சட்டி அழுகுச்சுன்னு ஆத்தா வந்து கேட்டாளா?

— அத மறுநாளே கம்மாயில கரைச்சிட்டீக. இது ஒங்க தொடைக்குள்ளயே கெடக்கும்.

— சும்மா கெட சோதி. எலும்பு ஒட்டாம எத்தன நாளுதான் கெடக்க? கட்டில்ல உக்காந்துக்கிட்டு ஆட்டப் பேரச் சொல்லிச் சொல்லிக் கத்துறேன். அதுகூட மதிக்க மாட்டேங்குது. நீ விடியக்காலம் ஓடிப்போயி ஒழைச்சுப் போடுற, நான் திங்கிறேன். வெக்கமாருக்கு. எனக்கு நடக்கணும்.

— எனக்கு மட்டும் ஆசையில்லையா? ரெண்டு நாளா சோறு எறங்கல. சாருட்ட எடுத்துச் சொன்னேன். வாயத் தெறந்தா வேலை இருக்காதுன்னாரு.

— எவனோ ஒருத்தன் செல்லு செத்ததுக்கு நீ ஏன் பட்டினி கெடக்க? சவலைப் பயலுக்கு எந்தக் கம்பி ஒட்டும்? அவன் தலைவிதி. மதுரை பஸ்ஸு திரும்பிருச்சு பாரு, பையத் தூக்கு.

— மொத ஆப்பரேசன்ல ஒங்க இடுப்பெலும்புல ஊசி போட்டு எடுத்தாகளே, ஞாபகமிருக்கா?

— ஆராச்சிக்குன்னு கேட்டாக, எடுத்துக்கங்கன்னேன். அதுக்கென்ன இப்ப? ஏறு, கண்டக்டர் விசிலடிக்கப் போறான்.

— அத ஐஸ்பெட்டியில வச்சு, மடியில தூக்கிட்டுப் போயித் தட்டுல போட்டது நாந்தாங்க. அந்தச் சவலை நீங்கதான்.