பதினோரு வரிகள்

உங்கள் அறையில் காற்றோட்டம் நன்றாக இருக்கிறது, மேடம். எங்கள் ஆபீஸ் ஒரு டயர் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் புழுக்கம். பதினான்கு வருடம் அங்கேயே ஓட்டிவிட்டேன். குறை சொல்லவில்லை. வேலை பிடித்திருந்தது.

என்ன வேலை என்று கேட்டால் தொழில் தெரியாதவர்களுக்கு விளக்குவது கஷ்டம். லினக்ஸ் என்பது ஒரே ஆள் எழுதிய ஒரே பொருள் இல்லை. யார் யாரோ எழுதிய ஆயிரக்கணக்கான புரோகிராம்களைச் சேர்த்து, ஒன்றோடொன்று சண்டை போடாதபடி பேக்கேஜாகக் கட்டி அனுப்ப வேண்டும். நாங்கள் மருத்துவ இயந்திரங்களுக்காகக் கட்டுகிறவர்கள். வெளியாள் எழுதியது அப்படியே நமக்குச் சரிப்படாது. அங்கங்கே சில வரிகளை மாற்றி ஒட்டுப்போடுவோம். அதைப் பேட்ச் என்போம். வெளியாள் புதுப் பதிப்பு விடும்போதெல்லாம் எங்கள் பேட்ச்களை அதன்மேல் மறுபடி பொருத்த வேண்டும்.

அந்தக் கட்டும் கருவியை எழுதியவள் நான். ஒரு பேட்ச் பொருந்தவில்லையென்றாலும் என் கருவி நின்றுவிடும். ஆள் வந்து பார்த்துச் சரிசெய்தால்தான் நகரும். ஆபீசில் அதற்கு 'மாமியார்' என்று பட்டப்பெயர். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

அத்தானை அங்கே சேர்த்ததும் நான்தான். அக்கா கணவர். அவர் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். மனிதர் வீட்டில் முடங்கிக் கிடந்தார். "நீ ஒரு வார்த்தை சொன்னா நடக்கும்டி" என்றாள் அக்கா. சொன்னேன். பக்கத்தில் உட்கார வைத்து எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தேன். கெட்டிக்காரர். என் குறிப்பு நோட்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய், ஓரத்தில் பென்சிலால் சந்தேகங்களை எழுதிக்கொண்டு வருவார்.

நான் தனி ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. நான் உள்ளே நுழைந்ததும் அத்தான் லேப்டாப்பை மூடிவைத்துவிடுவார். மரியாதைக்காக மூடுகிறார் என்று நினைத்தேன். எட்டு மாதம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை மீட்டிங்கில் அவர் எழுந்து, தான் எழுதிய புதுக் கருவியைக் காட்டினார். மாமியார் இரண்டு நாள் இழுக்கும் வேலையை அது நாற்பது நிமிடத்தில் முடித்தது. திரையில் இருந்தது என் நோட்டில் நான் போட்ட வரைபடம். என் பெயர் எங்கும் இல்லை. "இனிமே மாமியாருக்கு ஓய்வு குடுத்துடலாம்" என்றார் மேனேஜர். எல்லோரும் சிரித்தார்கள். பழக்கதோஷம், நானும் சிரித்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் நேராக அக்காவிடம் போனேன்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"தெரியும்." வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை. "சொன்னா நீ மனசு கஷ்டப்படுவேன்னு அவர்தான் வேணாம்னார். நீ எப்பவும் ஒசரத்துலதானடி இருந்தே. அவரும் கொஞ்சம் தலை நிமிரட்டுமே."

அத்தான் செய்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆபீஸ் என்றால் ஒருத்தர் காலை ஒருத்தர் வாருவதுதான். ஆனால் அவள் என் கூடப் பிறந்தவள். எட்டு மாதம் என் தட்டில் சோறு போட்டுக்கொண்டே, போதுமா போதுமா என்று கேட்டுக்கொண்டே மறைத்திருக்கிறாள். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போவதை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

அக்காவின் நோயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு மார்புத் தசைகளில் பலவீனம். விழித்திருக்கும்போது வெளியே தெரியாது. தூங்கினால் மூச்சு தானாக ஓடாது. முகமூடி போட்டு ஒரு இயந்திரம் அவளுக்கு மூச்சு கொடுக்கும். அதற்குள் ஓடுவது நாங்கள் கட்டும் லினக்ஸ்தான். குழாயிலிருந்து தகவல் வராவிட்டால், ஆள் கழற்றி வைத்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு, மூச்சு கொடுப்பதை நிறுத்திச் சும்மா இருக்கும்படி வெளியாள் எழுதியிருந்தார். முதலில் கத்த வேண்டும் என்று அதை மாற்றியது என்னுடைய பேட்ச். பதினோரு வரிகள். அக்காவை மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதினேன்.

அத்தானின் கருவிக்கு நிற்கத் தெரியாது. பேட்ச் பொருந்தாவிட்டால் லாக் என்கிற பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடும். வேகமெல்லாம் அதனால் வந்ததுதான். மூன்றாம் மாதம் வெளியாள் புதுப் பதிப்பு விட்டார். என் பதினோரு வரிகளும் பொருந்தவில்லை. இயந்திரம் கத்துகிறதா என்று பார்க்கும் சோதனை என் பழைய கருவியோடு சேர்ந்தது. அதையும் ஏற்கெனவே மூட்டை கட்டியிருந்தார்கள். மிச்சமிருந்தது லாகின் நாலாயிரத்துச் சொச்சம் வரிகளுக்கு நடுவே ஒரு எச்சரிக்கை வரி. கட்டியவர் அத்தான். சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான்.

அந்த வரி கண்ணில் படவில்லை என்று விசாரணையில் முதலில் எழுதிக்கொடுத்தேன். அது பொய். பார்த்தேன். இரண்டு முறை படித்தேன்.

எதிர் மேஜையிலிருந்து அத்தான் கேட்டார். "எல்லாம் சரியாம்மா? அனுப்பிடலாமா?"

"உங்க கருவியாச்சே அத்தான். தப்பா போகுமா" என்று கையெழுத்தைப் போட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நீ இன்னும் மனசுல வெச்சிருப்பியோன்னு பயந்துட்டே இருந்தேன்" என்றார்.

அன்று மாலையே அது எல்லா இயந்திரங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. எங்கிருந்தாவது ஒரு புகார் வரும், மேனேஜர் கூப்பிட்டுக் கேட்பார், அத்தான் தலைகுனிந்து நிற்பார், அவ்வளவுதான் என் கணக்கு. புதன்கிழமை அக்கா போன் செய்தாள்.

"இன்னும் கோபமாடி?"

"அதெல்லாம் இல்லக்கா."

"அப்ப ஞாயித்துக்கெழம வா. நீ வராம எனக்குச் சோறே எறங்கல."

"மெஷின் எப்படிக்கா இருக்கு?"

"அதையேன் கேக்கறே. புதுசா ஏதோ வந்துச்சாம். முன்னெல்லாம் பொரண்டு படுத்தாலே கத்தும். இப்ப சத்தமே இல்ல. எத்தனையோ வருஷத்துக்கு அப்பறம் நிம்மதியா தூங்கறேன்."

"நல்லதுக்கா. நல்லா தூங்கு" என்றேன்.

சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். அத்தான் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. சத்தம் எதுவும் கேட்கவில்லை என்கிறார். கேட்டிருக்காது. அவளைப் போலவே போய்ச் சேர்ந்த மற்ற ஆறு பேரை எனக்குத் தெரியாது. நீங்கள் காட்டிய பட்டியலில்தான் பார்த்தேன்.

தன் கருவிதான் கொன்றது என்று அத்தான் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். அதைத் திருத்தத்தான் நானாக வந்தேன். கருவி எச்சரித்தது. எச்சரிக்கவில்லை என்று பதிவாவது தொழில்படி தவறு.

புதனுக்கும் சனிக்கும் நடுவே நாள் இருந்ததே, அப்டேட்டைத் திரும்பப் பெற ஒரு பொத்தான் போதுமே என்று கேட்கிறீர்கள். போதும். வியாழக்கிழமை அந்தப் பக்கத்தைத் திறந்துகூட வைத்தேன். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். அழுத்தினால் என் பெயரில் பதிவாகும். அவர் கருவி வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் குற்றம் கண்டுபிடித்துவிட்டாள் என்று ஆபீசே பேசும். அக்காவும் நம்புவாள். வயிற்றெரிச்சல் என்பார்கள்.

எனக்கு அந்தக் குணம் என்றைக்கும் கிடையாது, மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.