வெள்ளம் வருகிறது

காலையில் கேரள எல்லையிலுள்ள வடகரப்பதியில் பேருந்து ஏறி உட்கார்ந்ததும் முன் இருக்கையில் ஒரு பெண் சொன்னாள்:

"நேத்து வெள்ளம் வருதுன்னு எங்க ஊட்டுக்காரரு மாட்டையெல்லாம் மேட்டுக்கு ஓட்டிட்டாருங்கக்கா."

"இந்த வெயில்லயா?" பக்கத்திலிருந்தவள் சிரித்தாள்.

"வாய்க்கால் ஆபீஸ்ல இருந்து மலையாளத்துல மெசேஜுங்க. அவருக்குப் பேச வரும், படிக்க வராது. போனைத் தமிழ்ல மாத்தச் சொல்லிருக்காரு. அது வெள்ளத்தை வெள்ளம்னே போட்டுருச்சு."

"அட, மலையாளத்துல வெள்ளம்னா தண்ணியாச்சே!"

"பகல் பூரா கம்ப்யூட்டர்ல மலையாளம், தமிழ், இங்கிலீசுன்னு தட்டறவ நானு. அது சொல்றதை ஒருக்கா நானே படிச்சுப் பாக்காம நம்பறதில்லீங்க. தண்ணி ஒரு நாளுதான் உடுவாங்க. அன்னிக்குத் தப்புனா கடலைச்செடி காஞ்சுரும். மம்பட்டியத் தூக்கிட்டுப் போயி நானே மடையத் தொறந்துட்டேன்."

"கெட்டிக்காரிதான் போ!"

முன்கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்களைப் பார்த்தேன். மூன்று மொழியில் தட்டும் விரல்கள். நகக்கண்களில் செம்மண் இன்னும் போகவில்லை.

"அப்பறம் அவரு?"

"பொழுதோட எறங்கி வந்தாரு. கடலைக்காடு பூரா தண்ணி பாஞ்சு கெடக்கறதப் பாத்துட்டு, 'பாத்தியா, போன் சொன்னாப்புலயே வெள்ளம் வந்துருச்சு'ங்கறாரு!"