எல்லாரும் முருகேசன்

போடிமெட்டு ஏறும் ஜீப்பில், விவசாயிகளின் ஏலக்காயைக் காயவைக்கும் ஸ்டோரில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண் தன் மதினியிடம் சொன்னாள்: "நேத்து அம்புட்டு விவசாயியையும் முருகேசனாக்கிட்டேன் மதினி."

"எப்பிடி ஆத்தா?"

"கம்ப்யூட்டர் பட்டியல்ல ஒருத்தர் பேரைத்தான் திருத்தினேன். மேலருந்து கீழ வரைக்கும் எல்லாக் கட்டமும் செலக்ட் ஆயிருந்தது தெரியலை. வேற வரியைத் தொட்டதும் கேக்காமலே சேவ் ஆயிருச்சு."

"பழையபடி ஆக்க முடியாதா?"

"முடியலையே. மூட்டையில வெறும் நம்பர்தான் இருக்கு. எந்த நம்பர் யாருதுன்னு அந்தப் பட்டியல்லதான் இருந்துச்சு. நாளைக்கு ஏலம். அதான் மூட்டைக்கு ஒரு கை அள்ளிப் பொட்டலம் கட்டிக் கொண்டாந்திருக்கேன், தோட்டம் தோட்டமாக் காட்டப்போறேன்."

"அவுக காய் அவுகளுக்குத் தெரியாதா?"

"பச்சையா இருந்தாத் தெரியும். இது காஞ்சதுல்ல."

மதினி இரண்டு பொட்டலங்களைப் பிரித்து மாறி மாறிப் பார்த்தாள். வளைவில் ஜீப் திரும்பியது. இரண்டும் அவள் மடியில் ஒன்றாகக் கொட்டின.