தோளுக்கு லேசான டூபா

— அத விடு ஜான்சி. இத தூக்கிப் பாரு, இந்த வெள்ளி முலாம் போட்டத. நான் சொல்றன் கேளு, உங்க கேர்ள்ஸ் ஸ்கூலுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு.

— தூக்கிட்டுதாண்ணே நிக்கிறேன். யம்மா! இன்னாண்ணே இது, ஆட்டுக்கல்லு மாதிரி கனக்குது!

— டூபான்னா பேண்டுலயே பெரிய ஊதுகொழலாச்சே, பழசு வேற, அப்பிடித்தான் இருக்கும். ஆனா சவுண்டு ஜாஸ்தி. ஊதுற பைப்ப இப்பிடி மாட்டுனா மடியில வச்சிகினு வாசிக்கலாம். கழட்டி அப்பிடி மாட்டுனா தோள்ல வச்சி பரேடு போவலாம். ஒரே சாமான், ரெண்டு வேல.

— பேண்ட் டீச்சர்கிட்டயே பாடம் நடத்துறீங்களே! ரெண்டு டூபாவும் அந்த ரகந்தானே. அந்தப் பித்தள டூபா எங்க? நசுங்கினது, ஆனா லேசா இருக்கும்னு போன்ல சொன்னீங்களே, அது.

— அதுல மூணு வால்வுதான். நான் சொல்றன் கேளு, இதுல நாலு.

— நாலு இருந்து? மூணாவத அமுக்குனா மேல வரவே மாட்டேங்குது, பாருங்க. பைப்பு வேற லொடலொடங்குது. நாலு எட்டு வச்சா வாய விட்டுத் திரும்பிக்கும்.

— எண்ண போட்டா சரியாப் போவும்.

— எண்ண போட்டா கனம் கொறையுமா? ஆகஸ்ட் பதினஞ்சுக்கு மஞ்சக்குப்பம் கிரவுண்ட முழுசா சுத்தி வரணும்ணே. மொத மொதல்ல இந்த வருசந்தான் எங்க புள்ளைங்களப் பரேடுல சேத்திருக்காங்க. எங்க டூபா ஓட்ட விழுந்து போச்சி. டூபா இல்லாம வர்றதா இருந்தா வரவே வேணாம்னு கண்டிசனா சொல்லிட்டாங்க. இதத் தூக்கப்போறது சுவேதா. பிளஸ் ஒன் புள்ள, காத்தடிச்சா சாஞ்சிரும்.

— அந்தப் பொண்ணக் கூட்டியாரலியா?

— காய்ச்சலாம், ஒரு வாரமா லீவு. ஆனா ஆச பாருங்க, செவ்வாக்கெழமை போன் பண்ணி, 'பழைய டூபா ரெண்டு இருந்தா எதப் பாத்து எடுக்கணும் டீச்சர்'னு துருவித் துருவிக் கேக்குறா. படுக்கையிலயும் பேண்டு நெனப்புதான். ஆறாவதுலேர்ந்து நான் வளத்த புள்ளயாச்சே. அந்தப் பித்தளய எடுங்கண்ணே.

— ஜான்சி, அந்தப் பித்தள டூபா வித்துப் போச்சி.

— வித்துப் போச்சா! எடுத்து வைங்கன்னு போன வாரமே சொன்னேனே!

— இங்க சிதம்பரத்துலயே ஒரு ஸ்கூலு. கார்த்திகேசன்னு பேண்டு மாஸ்டர், நேர்ல வந்து நின்னாரு. அவுங்க சாமான் பூரா எங்கிட்டதான் ரிப்பேருக்கு வருது. நான் இன்னா பண்ணட்டும்?

— பெரியம்மா பெத்த அண்ணன், தேவசகாயம் அண்ணன் கடைன்னா கண்ண மூடிகினு வாங்கலாம்னு எங்க ஹெச்.எம்.கிட்ட பெருமையா சொல்லிட்டு கடலூர்லேர்ந்து ஓடியாந்தேன் பாருங்க, என்னச் சொல்லணும். சரி, சாமான் இன்னும் போவலையே? மூலையில சாக்கு போட்டுக் கட்டி வச்சிருக்கீங்களே, அதானே? நான் அந்த மாஸ்டர்கிட்ட பேசறேன். அங்க தடிப்பசங்க இருப்பானுங்க, இந்த வெள்ளைய சுளுவா தூக்கிப்பானுங்க.

— வேணாம் ஜான்சி. சாக்க அவுக்காத. நான் சொல்றன் கேளு...

— கைய எடுங்க. நான் ஒண்ணும் தூக்கினு ஓடிர மாட்டேன். இன்னாது இது, தோள்ல படற எடத்துல துணி?

— மெத்துன்னு இருக்கக் கட்டினது.

— அது தெரியுது. இது எங்க ஸ்கூல் யூனிபார்ம் ஷாலுண்ணே, மெரூன் கலரு. நாலா மடிச்சி, நடுவுல ஒரு முடிச்சி, ஓரத்துல ரெண்டு. தோளுக்கு வைக்க பேடு கெடைக்கலன்னு நானா யோசிச்சி வச்ச கட்டு. எங்க புள்ளைங்களத் தவிர யாருக்கும் வராது. யாரு கட்டுனா?

— தெரிஞ்சிகினே கேக்குறியே.

— வாயத் தொறந்து சொல்லுங்க.

— சுவேதாதான். அந்த ஸ்கூல்ல சேந்துட்டா. ஹாஸ்டலு, சாப்பாடு, படிப்பு எல்லாம் ஃப்ரீயாம். பேண்டுல டூபா வாசிச்சா போதும். மாஸ்டர்தான் கூட்டியாந்தாரு. அவுங்களும் அதே மஞ்சக்குப்பம் பரேடுக்குத்தான் வராங்க. அதுவரைக்கும் கடலூர்ல யாருக்கும் தெரிய வேணாம்னாரு.

— காய்ச்சல்னாளே... கஞ்சி வச்சி எடுத்தாரட்டான்னு கேட்டேனே பாவி...

— அழாத ஜான்சி.

— நான் அழுவல. வயிறெரியுது. அவளாவது சின்னப் புள்ள. நீங்க? தூக்க ஆளே இல்லன்னு தெரிஞ்சிகினு, தூக்கவே முடியாத டூபாவ எந்தலையில கட்டப் பாத்தீங்களே, நீங்கல்லாம் ஒரு அண்ணனா?

— தப்புதான், ஒத்துக்கறேன். அவளும் கலங்கிப் போயிதான் நின்னா. மாஸ்டரு இந்த வெள்ளையத்தான் எடுக்கச் சொன்னாரு. அவளுக்கு எதுன்னு புரியல. ஒரு நிமிசம்னு ரோட்டுக்குப் போயி யாருக்கோ போன் போட்டா. திரும்பி வந்து ஊதிக்கூடப் பாக்கல. ரெண்டையும் ஒண்ணு மாத்தி ஒண்ணு தோள்ல வச்சிகினு தெருக்கோடி வரைக்கும் நடந்தா. பித்தளதான் வேணும்னு நின்னுட்டா.

— என்னிக்கு?

— செவ்வாக்கெழமை.

— ஊதறதுக்கு முன்னால தோள்ல வச்சி நடந்து பாரு கண்ணு, உனக்கு வலிக்காதத எடுன்னு... நாந்தாண்ணே சொன்னேன்.