ஆடிய கல்

ஆடுகிற கல்லை மேலாகக் கலவை பூசிச் சரிசெய்ய முடியாது ஐயா. நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், கொஞ்ச நாளில் மறுபடியும் ஆடும். பெயர்த்து எடுத்துத்தான் ஆகவேண்டும். கள்ளக்குறிச்சியில் கல்யாண மண்டபங்களுக்குத் தரை போட்டவன் நான். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

வெள்ளிமலையில் எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. பின்வாசலில் பாறைப் பலகைகள் பாவியிருக்கும். கதவிலிருந்து நேராக நடந்தால் அந்த ஆடுகிற கல். அங்கே இடதுபக்கம் திரும்பினால் தண்ணீர் டிரம். திரும்பாமல் போனால் இன்னும் ஓர் எட்டு, அப்புறம் தரை கிடையாது. கீழே பாறைதான். சுவர் கட்டவேண்டும் என்று வருஷா வருஷம் பேசுவோம்.

என் அண்ணன் ராமனுக்குச் சர்க்கரை வியாதியில் கண் போய்விட்டது என்றார்கள். எனக்கு அதில்தான் சந்தேகம். நீங்களே யோசித்துப் பாருங்கள். தெருவில் இறங்கினால் என் தோளைப் பிடிக்கிறவர், பின்வாசலில் மட்டும் கையை வீசிக்கொண்டு போய் முகம் கழுவிவிட்டு வருகிறார். என் மனைவி கவியா சாமை புடைக்க உட்கார்ந்தால் அவர் முகம் அவள் பக்கமே இருக்கும். முறச் சத்தத்துக்குத் திரும்புகிறார் என்பாள். அவளிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் உண்டு. ஒருநாள் அவர் சொன்ன எதற்கோ அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். என்னிடம் அவள் அப்படிச் சிரித்து நாளாகிவிட்டது. வயிறு எரிந்தது, நான் மறைக்கவில்லை.

அண்ணனிடம் நேராகவே கேட்டேன், எப்படி இவ்வளவு சரியாக நடக்கிறாய் என்று.

“அந்தக் கல்லு ஆடுச்சின்னா நின்னுடுவேன், இப்டிக்கா திரும்பிக்குவேன். அவ்ளோதான்டா,” என்றார். “அத மட்டும் தொட்டுறாத தம்பி.”

நல்ல பதில்தான். முன்னாலேயே யோசித்து வைத்திருந்த பதில் மாதிரி இருந்தது.

போன வாரம் கவியா அவரைக் கண் டாக்டரிடம் காட்டக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போனாள். என்னையும் கூப்பிட்டாள். எனக்கு வேலை இருக்கிறது என்றேன். பொய்யில்லை, வேலை இருந்தது. கடப்பாரையை விட்டு நெம்பினால் கல்லுக்கு அடியில் ஒரே எறும்புப் புற்று. மண் இளகிப்போய்த்தான் ஆடியிருக்கிறது. அடியில் ஓடிய வேரை வெட்டி, ஜல்லி போட்டு இடித்து, கலவை விரித்து, கல்லை இறக்கி மரக்கட்டையால் தட்டினேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். மழைத் தண்ணீர் தேங்காமல் ஓட லேசாக வாட்டமும் கொடுத்து, மேலே ஈரக்கோணி போட்டேன். வந்து பாருங்கள், குதித்தாலும் அசையாது.

மறுநாள் சாயங்கால பஸ்ஸில் வந்தார்கள். அண்ணன் அலுப்பில் படுத்துவிட்டார். கவியா பின்வாசலைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“இன்னாங்க இது, மாமாவுக்கு அந்தக் கல்லுதானே அடையாளம்?”

“நீ கூடத்தான் கொடத்தோட அதுல தடுக்கி வுழப் பாத்த. கோணி கெடக்குதில்ல, கால்ல பட்டா தெரிஞ்சிக்குவாரு.”

“அவருகிட்ட சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன். டாக்டரு இன்னா சொன்னாரு?”

“ரெண்டு கண்ணும் சுத்தமா போயிடுச்சாங்க. வெளிச்சம்கூட தெரியாதாம்.”

சொல்லிவிட்டு அவள் அழுதாள். என் அண்ணனுக்காக என் மனைவி அழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டர் கண்ணை மட்டும்தான் பார்த்தார் ஐயா. எங்கள் வீட்டில் நடப்பதை அவர் பார்க்கவில்லை.

கலவை இறுகும்வரை கோணி ஈரமாகக் கிடக்கவேண்டும், தரை போடுகிறவனுக்கு அது தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். விடிந்ததும் அதை எடுத்து வேலியில் போட்டவன் நான்தான். அண்ணனிடம் நான் எதுவும் சொல்லவுமில்லை. கவியாவிடம் சொன்னது பொய்.

வேப்பங்குச்சியோடு அவர் வெளியே வந்தார். நான் டிரம் பக்கத்தில் நின்றிருந்தேன். மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன். நான் இருப்பது தெரிந்தால் சோதனை கெட்டுப்போகும். பார்வை இருந்தால் தானாக நிற்பார், அவ்வளவுதானே? கல்மேல் கால் வைத்தார், அது ஆடவில்லை. இன்னும் கல் வரவில்லை என்று நினைத்திருப்பார். அடுத்த எட்டு வைத்தார். கை நீட்டியிருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம், அவ்வளவு கிட்டத்தில்தான் நின்றேன். நீட்டவில்லை.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கூடவே இதையும் எழுதவேண்டும். என் அண்ணனுக்கு உண்மையிலேயே கண் தெரியாது. கவியாவை வரச்சொன்னால் அவளிடம் நானே சொல்லிவிடுவேன். பாவம், அவள் மனதிலும் அந்தச் சந்தேகம் இருந்திருக்கும்.